மூடியைத் திறக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே கோத்தகிரியில் எல்லோரும் நலம். நமக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை. உங்கள் கூடலூர்ப் பக்கம் ஆனியிலேயே கொட்டித் தீர்க்கிறது என்று உன் அம்மா சொன்னாள். உங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினைப் பற்றி நீ கேட்டதற்குப் போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, வெல்டிங் ராடை இரும்பில் தேய்த்த உடனே மிஷின் படுத்துவிடுகிறது என்றாய். "போர்டு போய்விட்டது" என்று தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற உங்கள் டீ மேக்கர் தீர்ப்பு எழுதிவிட்டாராம். கொழுந்து வந்து குவிகிற நேரத்தில் அவருக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். அந்த அவசரம் உன் கைக்கு வரக் கூடாது.

முதலில் மூடியைத் தொடாமலே பார். எஸ்டேட் லைனின் கடைசியில் இருப்பவர்களுக்கு 230 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். ஒருவர் ராடைத் தேய்க்கட்டும், நீ அதே ஸ்விட்ச் போர்டின் அடுத்த பிளக் பாயிண்டில் அளந்து பார். அங்கே 170, 180 என்று சரிந்தால் குற்றம் மிஷினில் இல்லை, லைனில் இருக்கிறது. சுருளைக்கூடப் பிரிக்காமல் இழுத்துவந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் இதே வேலையைச் செய்யும். ராடைப் பிடிக்கும் ஹோல்டர், இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் இரண்டின் கேபிள் முனைகளையும் கழற்றிப் பார். பச்சை பூத்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கு.

சூடு மிஞ்சினால் எரியும் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்றாயே, அப்படியானால் சூட்டினால் நின்றதல்ல. பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் கணக்கு கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைக்கும்தான். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் காற்று மெலிவு, அது சூட்டை இழுத்துக்கொண்டு போவதும் குறைவு. மலைக் குளிர் அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். உங்கள் பக்கம் அவ்வளவு உயரமில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணெதிரே வைத்துக்கொள். வேறு யாராவது சொருகிவிடக் கூடாது.

இனிமேல் சொல்வதை இரண்டு முறை படி. வீட்டுக் கரண்டை நேர்மின்சாரமாக மாற்றி உள்ளே சேமிக்கும்போது அது ஏறக்குறைய 325 வோல்ட். மூன்று ஃபேஸ் மிஷினானால் 580ஐத் தாண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பவை அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள். பிளக்கைப் பிடுங்கியது அவற்றுக்குத் தெரியாது. தானாக வடிவதற்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அது எரிந்துபோயிருந்தால் வெளியிலிருந்து சொல்ல முடியாது. பத்து நிமிடம் காத்திரு. பிறகு மல்டிமீட்டரை முதலில் கரண்டு உள்ள ஒரு பிளக் பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார். அப்புறம் டிசி ரேஞ்சில் கெப்பாசிட்டரை அள, திரும்பவும் அந்தப் பிளக் பாயிண்டை அள. செத்த மீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பிக் கை வைத்துவிடக் கூடாது.

கெப்பாசிட்டரில் வோல்ட் மிச்சம் இருந்தால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்டு ரெசிஸ்டரை நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயர்களில் கட்டி, இரு முனைகளிலும் அரை நிமிடம் பிடித்து வடியவிடு. ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'படார்' என்று தீப்பொறி பறக்கவிடுவதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். முனையும் உருகும், கண்ணுக்கும் கேடு. வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கழித்து ஒரு தரம் அள. கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் வோல்ட் திரும்ப எழும்.

உன் மிஷினில் என் சந்தேகம் ரிலே மேல்தான். ரிலே என்பது கரண்டால் தானே மூடித் திறக்கிற ஒரு சிறிய ஸ்விட்ச். ஸ்விட்சைப் போட்டதும் கெப்பாசிட்டர்கள் ஒரேயடியாகக் கரண்டை இழுக்காமல் இருக்க, முதலில் ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாகத்தான் நிரம்பும். ஓரிரு நொடியில் ரிலே 'டக்' என்று மூடி அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேர்வழி கொடுக்கும். ஈரத்தில் ரிலேயின் முனைகள் கரிபிடித்தால், அல்லது அதை இழுத்து மூடும் சுருளான காயிலுக்கு வோல்ட் வராவிட்டால், முழுச் சுமையும் ரெசிஸ்டர் மேல் விழும். சும்மா இருக்கும்போது மிஷின் நல்ல பிள்ளையாக இருக்கும், ராடின் நுனியில் ஆர்க் (மின்தீ) பிடித்ததும் மயங்கும். மூடியைப் போட்டு, விசிறிச் சத்தத்துக்கு நடுவே அந்த 'டக்' கேட்கிறதா என்று காதைக் கொடு. கேட்கவில்லை, உள்ளே ரெசிஸ்டரைச் சுற்றி போர்டு பழுப்பேறிக் கருகல் நெடி அடிக்கிறது என்றால் சந்தேகம் வேண்டாம். ரிலேயோடு அந்த ரெசிஸ்டரையும் மாற்று.

திறந்த கையோடு தூசியையும் எடுத்துவிடு. தேயிலைத் தூசி பஞ்சுபோல் படிந்து ஈரத்தைக் குடிக்கும். கிரைண்டர் தூள் அதைவிட மோசம், அது இரும்பு, கரண்டையே கடத்தும். கம்ப்ரெஸர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகு காற்றடி. விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள், சுழலவிடாதே.

மறுபடி கரண்டு கொடுக்கும்போது நேராகக் கொடுக்காதே. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடு, அதாவது கரண்டு பல்பைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போக வேண்டும். எல்.இ.டி. ஆகாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணை. கரண்டை வேகமாக வெட்டி வெட்டி விடுகிற பவர் டிரான்சிஸ்டரான ஐஜிபிடி போயிருந்தால் அதை மட்டும் மாற்றி ஓட்டாதே. அதை இயக்கும் டிரைவர் பகுதியைச் சோதிக்காமல் போட்டால் புதியதும் ஒரே நொடியில் போகும்.

வேலை முடியும்வரை மூலையில் கிடக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினை எடுக்கச் சொல்வார்கள். ஈரத் தரையில் அதற்கு ஒத்துக்கொள்ளாதே. ஆர்க் இல்லாதபோது அதில் 80 வோல்ட் ஏசி வரை நிற்கலாம். ஈரமான, நெருக்கமான இடங்களில் சர்வதேசத் தரம் அனுமதிப்பது 48 வோல்ட் ஏசிதான். கரண்டு கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுகிறவர்களிடமும் கறாராகவே இரு. விழுவது அது உழைப்பதால்தான்.

ரிலே அங்கே கிடைக்காவிட்டால், பழையதன் மேல் அச்சிட்ட எண்ணையும் காயில் வோல்ட்டையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. வியாழக்கிழமை கோவை போகிறேன், வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா