ஹாங்க் மார்வினை எப்போது அழைக்கப்போகிறீர்கள்?

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் கௌரவித்த ராக் இசைக் கலைஞர்களின் பட்டியலில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஹாங்க் மார்வின் பெயர் இன்னும் இல்லை. அவருடைய ஷேடோஸ் குழுவின் பெயரும் இல்லை. அவர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1958-இல், 16 வயதில், பள்ளித் தோழர் புரூஸ் வெல்ச்சோடு நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு வந்தவர் அவர். அதே ஆண்டில் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பின்னணிக் குழுவில் சேர்ந்துவிட்டார். அந்தக் குழுதான் பிறகு ஷேடோஸ் ஆனது. அமெரிக்க கிதார் ஒன்று கைக்குக் கிடைப்பதே பிரிட்டனில் அன்று அபூர்வம். 1959-இல் கிளிஃப் அவருக்காகச் சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்றை வரவழைத்தார்.

1960-இல் வந்த ஷேடோஸின் 'அபாச்சி'யை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். கனத்த தந்திகளில் மெட்டை எடுக்கிறார். ஒவ்வொரு சுரத்தையும் எக்கோ கருவி மெலிதாகத் திருப்பிச் சொல்கிறது. சுரம் ஓயப்போகும் நேரத்தில் சுரத்தை நடுங்க வைக்கும் ட்ரெமோலோ கம்பியைக் கொஞ்சம் அசைக்கிறார், பாடகர் கடைசி எழுத்தை இழைத்து நிறுத்துவது போல. வேகம் காட்ட வேண்டும் என்ற ஆசையே அதில் இல்லை. ஒருவரும் வாய் திறந்து பாடாத அந்த இசைத்தட்டு பிரிட்டனில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது.

உங்கள் அமெரிக்காவில் அது எடுபடவில்லை. டென்மார்க்கின் யோர்கன் இங்மன் வாசித்த அதே மெட்டுதான் 1961-இல் அங்கே 2-ஆம் இடம் வரை போனது. அந்தக் கணக்கை வைத்துத்தான் மார்வினை விட்டுவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டில்லாமல் கிதார் இசையாலேயே பேர் வாங்கிய உங்கள் நாட்டு டுவான் எடியை 1994-இல் சேர்த்தீர்கள், வென்ச்சர்ஸ் குழுவை 2008-இல் சேர்த்தீர்கள். சரி, இரு தரப்பும் தகுதியானவர்கள்தான்.

அப்புறம் நீங்களே மாலை போட்டவர்களைப் பாருங்கள். குவீனின் பிரையன் மே, பிளாக் சபாத்தின் டோனி அயோமி இருவரும் 1996-இல் மார்வினுக்காக வந்த காணிக்கைத் தொகுப்பில் வாசித்திருக்கிறார்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்லர் சிறுவயதில் சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டருக்கு ஏங்கியது இவரைப் பார்த்துத்தான். பீட்டில்ஸின் ஹாரிசனும் லெனனும் சேர்ந்து போட்டு, 1961-இல் ஹாம்பர்க்கில் பதிவான மெட்டின் பெயரே 'கிரை ஃபார் எ ஷேடோ'. இத்தனை சீடர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுக் குருவை வாசலிலேயே நிறுத்தி வைக்கலாமா?

2023-இல் கிதார் கலைஞர் லிங்க் ரேயை 'இசைத் தாக்கம்' பிரிவில் சேர்த்தீர்கள். அவர் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு. மார்வின் 1941-இல் பிறந்தவர். அடுத்த பட்டியலிலேயே அவர் பெயரைச் சேருங்கள். விருதை அவர் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கிதார் மாணவன்