செப்டம்பர் 28-க்குக் காத்திருக்காதீர்கள்: ரேபிஸ் விழிப்புணர்வுக்காகப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெறிநாய்க்கடி பற்றிப் பேசப் பள்ளிகளுக்கு வரும் தொண்டு நிறுவனங்களுக்கும், பிராணி நல அமைப்புகளுக்கும், ஊர்தோறும் இருக்கும் சேவைச் சங்கங்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொந்தக் காசைப் போட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு, வெயிலில் பேனரைச் சுமந்து வருகிறீர்கள். அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நீங்கள் கிளம்பிப் போன பிறகு பிள்ளைகள் தலையில் என்ன தங்குகிறது என்பதைப் பார்க்கிற இடத்தில் இருப்பவள் நான். அதனால்தான் சில விஷயங்களை மனம்விட்டுச் சொல்கிறேன்.

முதலில் தேதி. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர் காலமான நாள் அது. சரி, நல்ல காரணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் தேதி வரும்போது பெரும்பாலும் காலாண்டு விடுமுறை ஆரம்பித்துவிடும். அதனால் நீங்கள் அதற்கு முந்தின வாரமே வந்துவிடுகிறீர்கள். அது பரீட்சை வாரம். மத்தியானக் கணக்குப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து வைரஸ் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்? உறுதிமொழி, குரூப் போட்டோ, பிஸ்கட் பாக்கெட், அவ்வளவுதான். மறு வருடம் வரைக்கும் உங்களைப் பார்க்க முடியாது. நாயோடு பிள்ளைகள் நாள் முழுக்கப் புழங்குவது விடுமுறையில்தான். கோடை விடுமுறைக்கு முன்னால் ஏப்ரலில் ஒரு தடவை, பள்ளி திறந்ததும் ஜூனில் ஒரு தடவை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். 43 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் நோய்க்குறி தெரிந்த பிறகு அநேகமாக யாருமே பிழைக்காத நோய் இது. கடிபட்ட அன்றே ஒழுங்காகக் கழுவி, ஒழுங்காக ஊசி போட்டிருந்தால் அநேகமாக எல்லோருமே பிழைத்திருக்கக்கூடிய நோயும் இதுதான். மருந்து இல்லாமல் போனதைவிட, விஷயம் தெரியாமல் போனதாலும், தெரிந்தும் அலட்சியமாக இருந்ததாலும் போன உயிர்கள்தான் அதிகம். அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

அங்கே நீங்கள் என்ன பேசுகிறீர்கள்? ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) எங்கள் பள்ளியில் ஒரு வீடியோ போட்டுக் காட்டியது. நோய் முற்றிய ஒருவர், தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இழுத்துக்கொண்டு துடிக்கிறார், கையைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். பயம் வந்தால்தான் புத்தி வரும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு பையன் கெண்டைக்காலில் கீறலோடு வகுப்புக்கு வந்தான். கேட்டால் வேலிமுள் கிழித்தது என்கிறான். முள் அப்படி நாலு கோடாகவா கிழிக்கும்? இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, சத்துணவில் முட்டை போட்டார்களா என்று ஆரம்பித்து மெதுவாகக் கேட்டேன். தெருவில் குட்டி போட்டிருக்கும் நாயிடம் குட்டியைத் தூக்கப் போயிருக்கிறான். வீட்டில் சொன்னால் அப்பா அடிப்பார், ஆஸ்பத்திரிக்குப் போனால் வீடியோவில் வந்த மாதிரி கட்டிப்போட்டுவிடுவார்கள். அவனுடைய கணக்கு அதுதான். நல்லவேளை, அன்றைக்கே ஊசி போட்டாயிற்று.

இந்த ஒளிப்புதான் நம் முன்னால் இருக்கும் பெரிய எதிரி. உலக அளவில் ரேபிஸுக்குப் பலியாகிறவர்களில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் உயரம் குறைவு, அதனால் முகத்திலும் தலையிலும் கடிபடுவது பெரியவர்களைவிட அதிகம். வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. கடி மூளைக்கு எவ்வளவு பக்கமோ, நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவு குறைவு. அப்படிப்பட்ட பிள்ளை இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், 'கடித்தாலும் கீறினாலும் உடனே ஒரு பெரியவரிடம் சொல்' என்பதுதான். அந்தப் பாடத்தின் மறுபாதி பெற்றோருக்கு: 'சொன்ன பிள்ளையை அடிக்காதே.' இதை மைதானத்தில் பிள்ளைகளிடம் சொல்லி என்ன பயன்? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாளில் வாருங்கள். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்குப் போங்கள். அங்கே மைக் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

அங்கே போனால் உங்களை எதிர்கொள்ளப் போவது ஒரு பாட்டி. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே, பச்சப்புள்ள தாங்குமா?" என்று கேட்பார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் சொல்வது கட்டுக்கதை இல்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை வயிற்றில்தான் போட்டார்கள், நாள் தவறாமல் போட்டார்கள். 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் பல தலைமுறைகளுக்கு அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது. சுமார் இருபது வருடத்துக்கு முன்புதான் அந்த ஊசி நாட்டில் முழுதாக நின்றது. ஊசி போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0.1 மில்லி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. முதல் நாள், அதிலிருந்து மூன்று நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழித்து. நாலு தடவை போனால் போதும், காசு கிடையாது. இதைப் பாட்டியிடம் சட்டைக் கையை மடித்துக் காட்டிச் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை ஒன்று ஊரில் இருந்தால் அதையே கூப்பிட்டுப் பேசவிடுங்கள், இன்னும் நல்லது.

அப்புறம் சோப்பு. "காயத்தை நன்றாகக் கழுவவும்" என்று உங்கள் நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறது. நன்றாக என்றால் எவ்வளவு? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. துணி துவைக்கும் சோப்பே போதும். ஆனால் பதினைந்து நிமிடம் என்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாது, பெரியவர்களுக்கும் தெரியாது. எங்கள் வகுப்பில் நான் இதைச் செய்துபார்த்தேன். ஒரு பெண்ணின் முழங்கையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, குழாயடியில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் மை போய்விட்டது. "டீச்சர், போயிருச்சு" என்று எழுந்துவிட்டாள். உட்கார் என்றேன். ஐந்து நிமிடம் ஆனதும் சுற்றி நின்ற கூட்டம் நெளிய ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் ஒருவன் தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று கவலைப்பட்டான். முடிந்தபோது அவள் விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது, எல்லோரும் அவள் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் இன்றைக்கு யாரை எழுப்பிக் கேட்டாலும் பதினைந்து நிமிடம் என்று சொல்வார்கள். உங்கள் முப்பது ஸ்லைடுகளுக்குப் பதில் இந்த ஒன்றைச் செய்யுங்கள். செலவு ஒரு சோப்பு.

கழுவுவதற்குப் பதிலாக வீட்டில் என்னென்னவோ நடக்கிறது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் என்று கடித்த இடத்தில் அப்புகிறார்கள். சிலர் மந்திரிக்கப் போகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிடி ஊசியைப் போட்டுக்கொண்டு, ஊசி போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. டிடி ஊசி ரணஜன்னிக்குத்தான், ரேபிஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்குத் தெரிந்து உங்கள் கூட்டத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. "நம்ம வளர்த்த நாய்தான்", "குட்டிதானே", "ரத்தமே வரல" போன்ற சமாதானங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும், வைரஸை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அதைக் கேட்டு வாங்க ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனிக்க வேண்டும், கவனித்துவிட்டு ஆரம்பிக்கிறேன் என்று உட்காரக் கூடாது.

இருபத்தெட்டாம் நாள் ஊசியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். காயம் ஆறியிருக்கும், நாயும் தெருவில் வாலாட்டிக்கொண்டிருக்கும். கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் போக வேண்டும்? நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், அவர்களாக நிறுத்தக் கூடாது. இதற்கு விழிப்புணர்வுப் பேச்சு உதவாது. ஒரு போன் உதவும். உங்கள் தன்னார்வலர்கள் சுகாதார நிலையத்தோடு பேசிவைத்து, பெற்றோரின் சம்மதத்தோடு "நாளைக்கு ஊசி, ஞாபகம் இருக்கா அக்கா?" என்று கூப்பிட்டால் போதும். இது போட்டோவில் வராத வேலை. அதனாலேயே யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கோவாவைக் காட்டுகிறேன். 2013-ல் தொடங்கிய மிஷன் ரேபிஸ் என்ற தொண்டு நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து அங்கே வேலை செய்தது. ஆண்டுக்கு 95 ஆயிரம் நாய்களுக்கு மேல் தடுப்பூசி, அதாவது நாய்களில் 70 சதவீதத்துக்கு. எந்தத் தெரு முடிந்தது, எது பாக்கி என்பதெல்லாம் செல்போனில் பதிவானது. கூடவே வருடத்துக்கு ஒன்றரை லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. 2019-க்குள் நாய்களில் ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது, மனித மரணம் நின்றது என்று 2022-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. பேச்சு மட்டும் இதைச் சாதிக்கவில்லை, ஊசி மட்டும் சாதிக்கவும் இல்லை. ஒரே குழு ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனது. நாடு முழுக்க 2030-க்குள் நாய் வழி ரேபிஸை ஒழிப்பது என்று மத்திய அரசின் செயல்திட்டமும் இருக்கிறது. வருடங்கள் அதிகம் மிச்சமில்லை.

பிராணி நல அமைப்புகளிடம் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து, நாய் பக்கமா மனிதர் பக்கமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. அந்தச் சண்டையை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள். 'நாய் நம் நண்பன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், குட்டி போட்ட நாயிடமும் எங்கள் பிள்ளைகள் நட்புப் பாராட்டப் போவார்கள். சாப்பிடும் நாயை, தூங்கும் நாயை, குட்டியோடு இருக்கும் நாயைத் தொடாதே. துரத்தினால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் எங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் மிச்சச் சோற்றுக்குக் காத்திருக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் போங்கள்.

இந்த ஏப்ரலில், முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்க முடியுமா? தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. அன்று சாயங்காலமே மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம், அம்மாக்கள் வேலை முடிந்து வர ஐந்தரை ஆகும். சுகாதார நிலைய நர்ஸையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். புரொஜெக்டர் தேவையில்லை. சோப்பு மட்டும் வகுப்புக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை