தமிழ்வழி வகுப்புக்குத் தமிழ் தெரிந்த டீச்சரை அனுப்புங்கள்

கேரளப் பொதுக்கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ்வழிப் பள்ளிகளின் நிலைமை உங்களுக்குப் புதிதல்ல. எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். அதனால் போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பேத்தி இரண்டாம் வகுப்பு. மத்தியானம் வயிறு சரியில்லாமல் பாவாடையை நனைத்துவிட்டாள். பயந்துபோய் மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தற்காலிகமாக வந்திருக்கும் டீச்சருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்டது இவளுக்குப் புரியவில்லை, இவள் தேம்பியது அவருக்குப் புரியவில்லை. அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டார். அப்புறம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவள் வகுப்புக்கே கேட்கும்படி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பேத்தி இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. விஷயம் தெரிந்ததும் அவரும் கண்கலங்கினாராம். அவரை அந்த வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் மேல்தான் கோபம்.

நாங்கள் படித்த காலத்து வாத்தியார்கள் அடித்தார்கள். வாய்ப்பாடு தப்பினால் புளிய விளாறு பேசும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுப்போடுங்க" என்று சொல்லித்தான் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். ஒருநாள் உள்ளங்கை வீங்கிப்போய் என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அதைப் பார்த்த வாத்தியார் தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லித் தானே தேய்த்துவிட்டார். சாயங்காலம் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "பையனைக் கொஞ்சம் அதிகமா அடிச்சுப்போட்டனுங்க. நாளைக்கு நிறுத்திப்போடாம அனுப்புங்க" என்று அப்பாவிடம் கேட்டார்.

அந்த விளாறு திரும்பி வர வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடுத்தது நல்ல காரியம். அடிக்குப் பயந்து படிப்பை விட்டுத் தோப்பு வேலைக்குப் போனவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. ஆனால் விளாறைக் கீழே போட்டபின் ஆசிரியர் கையில் மிச்சமிருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். கண்டிப்பதும் அதில்தான், "ஏஞ்சாமி அழுகறே" என்று தேற்றுவதும் அதில்தான். அதுவே பிள்ளைக்குப் புரியாவிட்டால் எதைக் கொண்டு வகுப்பை நடத்துவது?

தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. நீங்களும் பாடப்புத்தகத்தைத் தமிழில் அச்சிடுகிறீர்கள், எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளைத் தமிழில் தருகிறீர்கள். ஆசிரியர் மட்டும் தமிழ் தெரியாதவராக வந்தால் எப்படி? பிள்ளைகள் கொண்டுவரும் நோட்டீஸும் மலையாளத்தில், நாங்கள் நிரப்பும் படிவமும் மலையாளத்தில். 1956இல் கேரளம் உருவான நாள் முதல் நாங்கள் இந்த மாநிலத்துக் குடிமக்கள்தான். மலையாளம் படிக்க மாட்டோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் எங்கள் தமிழ் நன்றாகப் புரிகிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். தமிழ்வழி வகுப்புக்குத் தமிழ் தெரிந்தவரையே அனுப்புங்கள். தினக்கூலி நியமனமானாலும் இதைக் கட்டாயமாக்குங்கள். ஆசிரியப் பயிற்சி முடித்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே வேலைக்குக் காத்திருக்கிறார்கள். சித்தூரில் மட்டுமல்ல, இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் உத்தரவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாத்தா