சன்ரூஃப் ஒழுகினால் பசை பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, வைத்த கார்கள் பெருகிவிட்டன. கூரை விளக்கருகே தண்ணீர் சொட்டியதும் அந்தக் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பசையைப் பூசிவிடுகிறார்கள். அதோடு கண்ணாடியும் திறக்காது, ஒழுக்கும் நிற்காது.

சுற்றியுள்ள ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை), தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காக வைக்கப்பட்டதல்ல. அதைத் தாண்டி வரும் நீர் அடியிலுள்ள தட்டில் விழும். பெரும்பாலான கார்களில் அத்தட்டின் நான்கு மூலையிலும் துளை உண்டு. அங்கிருந்து கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள் நீரை வெளியே விடும். துளை அடைத்தால் தட்டு நிரம்பிக் காருக்குள் வழியும். அடைப்பதற்கு இங்கே என்ன குறை? குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரச் சருகு நொறுங்கி இறங்கும், கடற்கரையில் மணல். எல்லாவற்றிலும் மோசம் புளிய இலை, துளைக்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கும்.

கண்ணாடியைத் திறந்து, ஈரத்துணியால் தட்டைத் துடைத்துவிட்டு, மூலைத் துளையில் 100 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்துளை நீர் முன்கதவுக் கீல் பக்கமோ முன்சக்கரத்துக்குப் பின்னாலோ சொட்ட வேண்டும். வராவிட்டால் புல்வெட்டி மெஷினில் போடும் 2 மி.மீ. நைலான் நரம்பை எடுத்து, நுனியைத் தீயில் காட்டி மழுக்கி, முறுக்கி முறுக்கி உள்ளே விடுங்கள். கடைசியில் தட்டினால் அழுத்த வேண்டாம். சில குழாய்களின் முடிவில் ரப்பர் மூக்கு இருக்கும். அதில் சேர்ந்த சேற்றைக் கீழிருந்து விரலால் பிதுக்கிவிடலாம். பஞ்சர் கடைக் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். குழாய் மேல்முனையில் கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

மூட வரும் கண்ணாடி பாதியில் நின்று திரும்பத் திறந்தால் மோட்டார் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். கண்ணாடி நகரும் ரெயிலில் மணலும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து இழுவை கூடும்போது, கை மாட்டிக்கொண்டதாக நினைத்து மோட்டார் பின்வாங்குகிறது. பலமுறை சுவிட்சை அமுக்கினால் கண்ணாடியை நகர்த்தும் இருபக்கக் கேபிளில் ஒன்று பல் தாண்டி, கண்ணாடி கோணலாக நின்றுவிடும். எந்தச் சத்தமும் இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

ரெயிலைச் சுத்தம் செய்யுமுன் இக்னிஷனை அணைத்துவிடுங்கள், விரல் முக்கியம். பழைய கிரீஸை நூல் பிரியாத துணியால் வழித்தெடுத்து, மூலைகளைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். இரண்டு ரெயிலுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் தாராளம். அப்பினால் அடுத்த வாரமே மண் ஒட்டும். துரு நீக்கும் ஸ்பிரே இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டு உலர்ந்துபோகும். தேங்காய் எண்ணெய், பழைய என்ஜின் ஆயில் இரண்டும் ஆகாது. என்ஜின் ஆயில் பீடிங்கை ஊத வைக்கும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் மோட்டார் தன் எல்லையை மறந்துவிடுவதுண்டு. பல கார்களில் மூடும் பக்கம் சுவிட்சை விடாமல் பிடித்து, கண்ணாடி அசைந்து நிற்கும்வரை காத்திருந்தால் சரியாகும். முறை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். மழையில் திறந்தபடி நின்றுவிட்டால், சில மாடல்களில் கூரை விளக்கு மூடிக்குள் தெரியும் அறுகோணக் குழியில் ஆலன் கீ போட்டுக் கையால் மூடலாம்.

தூண் மூடிகளையும் கூரைத் துணியையும் வீட்டில் கழற்றாதீர்கள். பல கார்களில் அதனுள்ளே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. கண்ணாடி கோணலாக நின்றாலோ 'கடகட' என்று பல் நழுவும் சத்தம் வந்தாலோ அது ஒர்க்‌ஷாப் வேலைதான். அங்கேயும், கேபிளும் பிளாஸ்டிக் ஸ்லைடரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்ட பிறகே முழு செட்டை மாற்றச் சம்மதியுங்கள்.

இப்படிக்கு,
கார் மின்பணியாளர்கள்,
தக்கலை.