லேப்டாப்புக்கு 20 டாலர்: வாடகை வீட்டு, கார் பாலிசிகள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், க்ளெய்ம் பிரிவு

பொருள்: ஒரே திருட்டுக்கு இரண்டு பாலிசியிலும் உரிய இழப்பீடு கிடைக்காதது தொடர்பாக.

ஐயா,

உங்கள் முகவர் என்னிடம் தமிழில் பேசித்தான் இரண்டு பாலிசிகளையும் விற்றார். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். அவரே உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

நான் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் முதுநிலை மாணவன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பீவர் ஸ்டேடியத்தில் மேட்ச். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடும் நாள். பார்க்கிங் கிடைக்காமல் நாலு தெரு தள்ளிக் காரை விட்டேன். இரவு வந்து பார்த்தால் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கி, சீட்டெல்லாம் கல்கண்டு மாதிரி சிதறிக் கிடந்தது. பையைக் காணோம். அதில் என் லேப்டாப்பும் அறைத்தோழனின் டேப்லெட்டும் இருந்தன. அன்றிரவே போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி மாற்ற 310 டாலர் ஆனது. கார் பாலிசியில் திருட்டு போன்ற சேதங்களுக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதியின் டிடக்டிபிள், அதாவது நானே ஏற்க வேண்டிய முதல் தொகை, 500 என்பதால் ஒன்றும் கிடைக்காது என்றார்கள் உங்கள் கார் பிரிவினர். சரி, அது நான் ஒப்புக்கொண்ட தொகைதான். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டால், வாடகை வீட்டுப் பாலிசியைப் பார்க்கும் ரென்டர்ஸ் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால், காரில்தானே திருடு போனது, கார் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். மூன்று வாரம் இப்படியே பந்தாடினீர்கள். சொந்தப் பொருள் காருக்குள் இருந்து திருடு போனாலும் ரென்டர்ஸ் பாலிசியில்தான் வரும் என்று உங்கள் பாலிசியே சொல்கிறது. நான் படித்துவிட்டேன். உங்கள் ஆட்கள் படிக்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் வந்த கணக்கு இது: மூன்று வருடத்துக்கு முன் 1,400 டாலருக்கு வாங்கிய லேப்டாப், தேய்மானம் கழித்து 520. அதில் ரென்டர்ஸ் டிடக்டிபிள் 500 போக, எனக்கு 20 டாலர் செக்.

பாலிசி எடுக்கும்போதே, "திருடு போனால் புதுசு வாங்கப் பணம் வருமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஃபுல் கவரேஜ் தம்பி, கவலையே வேண்டாம்" என்றார் முகவர். புதுப்பொருளின் விலையைத் தரும் ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் என்று ஒன்று இருப்பதையே அவர் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பாலிசி போதும், அறைத்தோழனுக்கும் சேர்த்துத்தான் என்றும் சொன்னார். இப்போது அவன் பெயர் பாலிசியில் இல்லை என்று டேப்லெட்டுக்குக் கைவிரித்துவிட்டீர்கள். அந்தப் போன் பேச்சு பதிவாகிறது என்று உங்கள் லைனே அறிவித்தது. எடுத்துக் கேளுங்கள்.

இந்தக் கோபத்தில் கார் பாலிசியையும் முழுதாகப் படித்தேன். அதில் லிமிடெட் டார்ட் என்று போட்டிருக்கிறது. நாளைக்கு யாராவது என் மேல் மோதினால், காயம் கடுமையானதாக இல்லாவிட்டால் வலிக்கும் வேதனைக்கும் நஷ்டஈடு கேட்டு என்னால் வழக்குப் போட முடியாது. பிரீமியம் குறையும் என்று மட்டும் சொல்லி, மொபைலில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லேப்டாப் போனதைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

இழப்புக்கான ஆதாரம் கையில் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் க்ளெய்மை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும், கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் அதைக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது இந்த மாநில விதி. எனக்குப் பதில் வந்தது 32ஆவது வேலை நாளில். இடையில் ஒரு வரிகூட இல்லை.

முகவர் சொன்னபடி லேப்டாப்புக்குப் புது விலையில் கணக்குப் போட்டுக் கொடுங்கள். டேப்லெட் பற்றிய முடிவையும் அந்தப் பதிவைக் கேட்டபின் மறுபரிசீலனை செய்யுங்கள். முடியாதென்றால், பாலிசியின் எந்த விதிப்படி முடியாது என்று எழுத்தில் வேண்டும். என் கார் பாலிசியை, வழக்குப் போடும் உரிமையை முழுதாகத் தரும் ஃபுல் டார்ட்டுக்கு மாற்றினால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்பதையும் எழுதுங்கள். அதைக் கட்டத் தயார். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பென்சில்வேனியா இன்ஷூரன்ஸ் துறைக்கு இதே கடிதம் ஆங்கிலத்தில் போகும்.

20 டாலர் செக்கை நான் மாற்றவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பாலிசிகளின் வாடிக்கையாளர்