விடுதிப் பிள்ளைகளின் வீட்டாருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளைகளை விடுதியில் தங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரே வகைப்பட்டவை அல்ல. மன்னார்குடி, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் தகப்பனார் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார்; ஊரில் தாத்தா பாட்டிதான் பொறுப்பு. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் தாய் தகப்பன் இருவருமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருப்பார்கள். நாகையில் விசைப்படகில் கடலுக்குப் போனவர் கரை திரும்ப நாள் கணக்காகும். வசதி உள்ளவர்கள் மேல்நிலை வகுப்புகளுக்கு நாமக்கல், ராசிபுரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வசதி குறைந்தவர்கள் அரசின் மாதிரிப் பள்ளிகளையும், அண்மையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட அரசு விடுதிகளையும் நம்பியிருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான குறை, பிள்ளை உள்ளே போன பிறகு அவன் என்ன படிக்கிறான், எப்படி இருக்கிறான் என்பது முறையாகத் தெரிவதில்லை என்பதே. அதைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தனியார் பள்ளி விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை பேரனுக்கு உள்ளூர்ப் பாதுகாவலராகக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவன் தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறான். ஆகவே ஆசிரியர் அறையில் இருந்தும் வாசலுக்கு வெளியே நின்றும் இந்த விஷயத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான தனியார் விடுதிப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு வருபவை இரண்டே. ஒன்று கட்டணத் தவணைக்கான அறிவிப்பு. மற்றொன்று ஒவ்வொரு அலகுத் தேர்வுக்குப் பின்னும் ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தி: பிள்ளையின் பெயர், தேர்வின் பெயர், ஐந்து பாடங்களுக்கு ஐந்து எண்கள். எண்கள் ஏறினால் மகிழ்கிறோம், இறங்கினால் கலங்குகிறோம். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை.

எங்கள் பையனுக்குக் கணிதத்தில் மதிப்பெண் தேர்வுக்குத் தேர்வு குறைந்துகொண்டே வந்தது. குறுஞ்செய்தி வந்ததும் அவன் தகப்பன் அங்கிருந்து அழைத்துக் கடிந்துகொண்டான். பையன் பதில் சொல்லவில்லை. காலாண்டு விடுமுறையில் வந்தபோது அவனுடைய கணித நோட்டை வாங்கிப் பார்த்தேன். வழிமுறை ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. கணக்கைத்தான் தவறாக எடுத்து எழுதியிருந்தான். கரும்பலகையில் 3 என்று இருந்ததை 8 என்றும், 6 என்று இருந்ததைச் சுழி என்றும் எழுதி, தவறான கணக்குக்குச் சரியான விடை கண்டிருந்தான். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தூரப்பார்வைக் குறைவு என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது விடுதிக் காப்பாளரிடம் இதைச் சொன்னேன். ‘ஆமாம் டீச்சர், சாயங்காலம் ஆனால் தலைவலி என்று வருவான், மாத்திரை கொடுத்து அனுப்புவோம்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டிலும் அது எழுதப்பட்டிருந்தது.

அந்தப் பள்ளியில் எவரும் கடமை தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவலி விடுதிக்குத் தெரியும். மதிப்பெண் குறைவு வகுப்பாசிரியருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் அங்கே இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு அந்த வேலையைத் தாய்தான் செய்கிறாள். மிச்சம் வைத்து வந்த சாப்பாட்டு டப்பாவையும், கிழிந்த நோட்டையும், வழக்கமாக உடன் வரும் தோழன் நான்கு நாளாக வராததையும் அவள்தான் ஒன்றாக வைத்துப் பார்க்கிறாள். பிள்ளையை விடுதியில் விடும்போது அவளுடைய அந்த இடம் காலியாகிறது. படிப்பைப் பற்றிய செய்தியையும் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய செய்தியையும் ஒன்றுசேர்த்து வீட்டுக்குச் சொல்வதை விடுதிப் பள்ளிகள் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இது புதிதாக முளைத்த கோரிக்கை அன்று. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில், பெற்றோர் அல்லது பாதுகாவலரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றோடு பிள்ளையைப் பற்றிய பிற தொடர்புடைய தகவல்களையும் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்தச் சட்டம் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. விடுதியில் இருக்கும் பிள்ளைக்குத் தூக்கமும் சாப்பாடும் சளியும் நட்பும் தொடர்புடைய தகவல்கள் இல்லை என்றால் வேறு எவை?

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சிறு விடுதியின் காப்பாளினி செய்வதைச் சொல்கிறேன். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார்; ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அனுப்புவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். ‘கணிதத்தில் காரணிப்படுத்துதல் நடக்கிறது, புரிந்துகொள்கிறாள், வீட்டுப்பாடம் இரண்டு முறை முடிக்கவில்லை, புதன்கிழமை சளி இருந்தது, ஆவி பிடித்தோம், இப்போது பரவாயில்லை, கோகோ அணியில் சேர்ந்திருக்கிறாள், பக்கத்துக் கட்டில் பெண் ஊருக்குப் போனதிலிருந்து கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்’ என்ற அளவில் இருக்கிறது அது. எழுத்தறியாத பாட்டி அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடல் தாண்டி இருக்கும் தகப்பன் வேலை முடிந்து அறைக்கு வந்து கேட்கிறான். இதற்குத் தனிச் செயலியோ பெருஞ்செலவோ தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி நேரம் இருக்கிறதே, அது போதாதா என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். வரிசையில் பிள்ளைகள் நிற்க, காப்பாளர் அருகில் இருக்க, ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘சாப்பிட்டியா?’ ‘சாப்பிட்டேன்.’ ‘நல்லா இருக்கியா?’ ‘இருக்கேன்.’ ‘படிக்கிறியா?’ ‘படிக்கிறேன்.’ ‘அம்மாகிட்ட குடுக்கவா?’ அந்தக் குரலைக் கேட்பது பெரிய ஆறுதல்தான். அதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஆனால் என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை வேறு என்ன பதில் சொல்வான்? முன்கூட்டியே செய்தி வந்திருந்தால் அதே மூன்று நிமிடத்தில் கோகோவைப் பற்றியும் பக்கத்துக் கட்டிலைப் பற்றியும் கேட்கலாம். பிள்ளையும் வாய் திறந்து பேசுவான். பேசும்போது காப்பாளர் பத்தடி தள்ளி நிற்கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டங்களின் நாட்கள் பெரும்பாலும் நம் ஊர் வேலையை அறியாமல் குறிக்கப்படுகின்றன. சம்பா நடவுக் காலத்திலும் பொங்கலை ஒட்டிய அறுவடைக் காலத்திலும் ஒரு நாள் வயலை விட்டு வருவது கூலியாட்களுக்கு ஒரு நாள் கூலி. சிறு விவசாயிக்கு அதற்கு மேல். மீனவக் குடும்பங்களுக்குத் தகப்பனார் கரையில் இருப்பது உறுதியான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையோடே கழிந்துவிடுகிறது. இரண்டு பேருந்து மாறி வந்து, வரிசையில் காத்திருந்து, மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டுத் திரும்புவதற்கு ஒரு நாளைக் கேட்பது நியாயமாக இல்லை. ஆண்டுக்கு இரண்டு கூட்டம் நேரில் நடக்கட்டும். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிடமாவது வகுப்பாசிரியரும் காப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். மற்றவற்றைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் இவை எல்லாவற்றையும்விட எங்களை வருத்துகிறது. மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்ததாகத் தொலைக்காட்சியில் ஓடும். வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு அதன் பொருள் தெளிவு. விடுதிப் பிள்ளைக்கு? அங்கேயே இருக்கிறானா, அனுப்பப் போகிறார்களா, சமையல் நடக்கிறதா, வளாகத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று ஒன்றும் தெரியாமல் கொட்டும் மழையில் இருசக்கர வாகனத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள் பெற்றோர். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்து, அடுத்த ஊரில் இருப்பவர்களின் நிலையே தெரியாமல் தவித்தோம். அத்தகைய நாளில் எந்தச் செயலியும் உதவாது. பிள்ளைகளை எந்தக் கட்டடத்தில் வைத்திருப்பார்கள், யார் வந்தால் அனுப்புவார்கள், தொலைபேசி இல்லாவிட்டால் எங்கே வந்து கேட்பது என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டு, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட வேண்டும்.

அதே தாளில் விடுதியின் பதிவு விவரமும் இருக்கட்டும். பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் குறித்த தமிழ்நாடு அரசின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விடுதி நடத்துபவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதைப் பெற்றோர் கேட்பதைச் சந்தேகப்படுவதாக எந்த நிர்வாகமும் கொள்ளக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. மாடிப்படி எத்தனை, சமையலறை எங்கே என்று இங்கே ஒரு தாய் கேட்டால் மறைக்காமல் பதில் சொல்வதே முறை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 ஆகிய இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஓரிரு சொல். வகுப்பு முழுவதன் மதிப்பெண் பட்டியலையும் குழுவில் போடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. இதனால் ஒரு பிள்ளையின் தாழ்வு ஊர் முழுவதும் தெரிகிறது. வீட்டாருக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுமில்லை. மாநில அளவில் தேர்வு முடிவுகளில் முதலிடங்களை அறிவிக்கும் முறையைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. அந்த நல்ல முடிவின் நோக்கம் வகுப்பறைக் குழுக்களுக்கும் வர வேண்டும். பொங்கல் விழா, விளையாட்டு விழாப் படங்களையும் விளம்பரத்துக்கென்று பொதுவெளியில் போடுவதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலைப் பெறட்டும். நூறு முகங்களுக்கிடையே நம் பிள்ளையின் முகத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, அவன் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படத்தை அவன் வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் எவ்வளவோ நல்லது.

எல்லாவற்றையும் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதும் என் கருத்து அன்று. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரை நம்பி மனம் திறந்து சொன்னதை, ஆபத்து இல்லாத வரையில், அவர்கள் அனுமதி இன்றித் தகப்பனாருக்குக் கடத்துவது அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். முன்பெல்லாம் விடுதிப் பிள்ளைகள் எழுதும் இன்லண்டு கடிதத்தைக் காப்பாளர் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். அந்த வழக்கம் மறுபடி வேண்டாம். தன்னைப் பற்றி வீட்டுக்கு என்ன செய்தி போகிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் அந்தச் செய்தியின் முடிவில் அவனே ஒரு வரி பேசட்டும்.

காப்பாளர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதை நன்கு அறிவேன். மேலும் ஒரு பதிவேட்டைத் திணித்தால் எழுதுவதற்கென்றே எழுதுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ‘நன்று’ என்று வரும். நிர்வாகங்கள் மாதத்தில் இரண்டு மாலை நேரங்களை இதற்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் படிப்பு நேரத்தை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால்தான் இது நடக்கும். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். விடுதி உள்ள இடங்களில் அவர்களில் சிலராவது விடுதிப் பிள்ளைகளின் வீட்டாராக இருக்கட்டும், தொலைவில் உள்ளவர்கள் தொலைபேசி வழியே கலந்துகொள்ளட்டும். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் குழு கட்டாயம் இல்லாததால், மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது வீட்டுக்குப் போன கடைசிச் செய்தியைக் காட்டும்படி கேட்க வேண்டுகிறேன். அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர்களும், கட்டண விவரம் கேட்கும் அதே மேசையில், எங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்கு யார், எந்த நாளில், எந்த மொழியில் சொல்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
நீடாமங்கலம்