செக் நாட்டின் பிர்னோவில் இருக்கும் மகளுக்கு

மதுரை
14.9.2025

பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா எழுந்து வந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கா என்று சொல்லிவிட்டேன். நீ அழுததைச் சொல்லவில்லை. போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது, உனக்கே தெரியும். நீ தேம்பத் தொடங்கினால் நானும் கூடச் சேர்ந்து தேம்புவேன். அதனால்தான் காலையில் காபி குடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"பேச்சு பாதியில் நின்னுபோச்சும்மா. ஸ்லைடு கண் முன்னாடி இருக்கு, வார்த்தை வரல" என்றாய். சரி. அப்புறம் குரலை இறக்கி, "எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன்" என்றாய். பேச்சு நின்றதைவிட அழுததுதான் உனக்குப் பெரிதாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இந்த மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்து ராஜ குடும்பத்துக் கென்ட் கோமகள் இறந்துபோனார். 92 வயது. அந்தச் செய்தி வந்ததும் பழைய படம் ஒன்று மறுபடியும் கண்ணில் பட்டது. விம்பிள்டன் மைதானத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் அந்த அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுகிறாள், அவர் அவளை அணைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண் டென்னிஸ் ஆட்டக்காரி யானா நோவோட்னா. உனக்கு பிர்னோவில் வேலை கிடைத்தது என்று சொன்ன அன்றே, "நம்ம யானா ஊராச்சே!" என்றேன். "யாரும்மா அது?" என்று கேட்டாய். பெட்டி கட்டுகிற அவசரத்தில் சொல்ல முடியாமல் போயிற்று. இப்போது சொல்கிறேன், கேள்.

அவள் பிறந்தது நீ இருக்கும் பிர்னோவில், 1968 அக்டோபரில். நானும் அதே வருஷம் பிறந்தவள். அதனாலோ என்னவோ, அவளைப் பற்றிப் பேசும்போது எனக்கு 'அவர்' என்று வருவதே இல்லை.

1993 ஜூலை 3, சனிக்கிழமை. நீ என் வயிற்றில் ஐந்து மாதம். நம் வீட்டில் அப்போது டிவி கிடையாது, பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். தாத்தா எனக்கு மட்டும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டார். விம்பிள்டன் பெண்கள் ஃபைனல் நம் நேரப்படி மாலை ஆறரைக்கு ஆரம்பிக்கும். எதிரே ஸ்டெஃபி கிராஃப். அதற்கு முன்பே அங்கே நாலு முறை ஜெயித்தவர். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிராஃப் பக்கம். நான் ஒருத்திதான் யானா பக்கம், ஏனென்றால் அவள் ஆடும் விதம் அப்படி. சர்வீஸ் போட்ட வேகத்தில் வலைக்கு ஓடி வருவாள், பந்தைத் தரையில் விழவிடாமல் வாலி அடித்து முடிப்பாள். பின்னால் நின்றுகொண்டு எதிராளி தவறு செய்யட்டும் என்று காத்திருக்கிற பழக்கமே கிடையாது. அந்த ஃபைனலுக்கு அவள் வந்த வழியும் லேசானதில்லை. கால் இறுதியில் கேப்ரியேலா சபாட்டினி, அரை இறுதியில் ஒன்பது முறை அங்கே பட்டம் வாங்கிய மார்ட்டினா நவ்ரத்திலோவா. இரண்டு பேரையும் ஒரு செட்கூட விடாமல் ஜெயித்திருந்தாள்.

முதல் செட் 6-6 என்று சமமாகி, அதைத் தீர்க்க ஆடுகிற டை-பிரேக்கில் கிராஃப் கைக்குப் போனது. இரண்டாவதை யானா 6-1 என்று எடுத்தாள். கிராஃபை அப்படி யாராவது 6-1 என்று அடித்து நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது செட்டில் 4-1 என்று யானா முன்னால். சர்வீஸ் அவளுடையது, 40-30. அந்த ஒரு பாயிண்ட் கிடைத்தால் 5-1, அப்புறம் ஒரே ஒரு கேம் எடுத்தால் பட்டம்.

சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு உண்டு. முதலாவதை ஓங்கிப் போடுவார்கள். அது தப்பினால் இரண்டாவதைக் கொஞ்சம் பத்திரமாகப் போடுவார்கள். அதுவும் தப்பினால் டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. யானா போட்ட இரண்டாவது சர்வீஸ் கோட்டைத் தாண்டி நீளமாகப் போய் விழுந்தது. நூலிழையில் தப்பியதாக இருந்தால் மனசு ஆறியிருக்கும். இது அப்படி இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவள் என்பது உனக்குத் தெரியும். மாவட்டப் போட்டியில் ஜெயிக்க இன்னும் ஒரே பாயிண்ட் என்று இருந்தபோது எனக்கு என்ன ஆனது என்று உன்னிடம் சொன்னதில்லை. கை நடுங்காது, பாப்பா. இறுகும். பேட்டைப் பிடித்த விரல்கள் தாமாகவே இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், மணிக்கட்டு கட்டையாகிவிடும். ஆயிரம் தடவை யோசிக்காமல் செய்த காரியத்தை அன்று மட்டும் கை யோசித்து யோசித்துச் செய்யும். அதனால்தான் அந்தப் பந்து பறந்ததும் அவளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. நேற்று நீ சொன்னதும் இதேதான். உனக்குத் தெரியாத விஷயத்தையா பேசப் போனாய்? மூணு வருஷம் ராப்பகலாகச் செய்த வேலை அது.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. கிராஃப் வரிசையாக ஐந்து கேம் எடுத்து 6-4 என்று முடித்துவிட்டார்.

பரிசு கொடுக்கிற நேரத்தில் கோமகள் அவளிடம் ஏதோ சொன்னார். யானா சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணியது, அவ்வளவுதான், தோளில் சாய்ந்துவிட்டாள். கவலைப்படாதே, நீ ஒரு நாள் ஜெயிப்பாய் என்ற மாதிரிதான் அவர் சொன்னாராம். ராஜ குடும்பத்து மனிதர், உலகமே பார்க்கிற இடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை கிராஃப் கிராஃப் என்று கத்திக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், நெருக்கடி வந்தால் நொறுங்கிப் போகிறவள் என்று. 1995 பிரெஞ்சு ஓப்பனில் சாண்டா ரூபினுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 5-0, 40-0 என்று இருந்து, ஒரே பாயிண்டில் ஆட்டத்தை முடிக்கிற வாய்ப்பு, அதாவது மேட்ச் பாயிண்ட், ஒன்பது கையில் வைத்துக்கொண்டு தோற்றாள். அந்தப் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. ஏனென்றால், அந்த 1993-க்கு முன்பே அதே விம்பிள்டன் புல்தரையில் அவள் ஹெலனா சுகோவாவோடு இரட்டையரில் இரண்டு முறை பட்டம் வாங்கியவள், 1989-லும் 1990-லும். ஒலிம்பிக்கில் இரட்டையரில் இரண்டு வெள்ளி, ஒற்றையரில் ஒரு வெண்கலம். கடைசியில் அவள் கணக்கைப் பார்த்தால் ஒற்றையரில் 24 பட்டம், இரட்டையரில் 76. கூட்டிப் பார், சரியாக நூறு. நூறு தடவை கடைசிப் பாயிண்டை ஜெயித்து முடித்தவளைப் போய் முடிக்கத் தெரியாதவள் என்றார்கள்.

1997-ல் மறுபடி ஃபைனலுக்கு வந்தாள். அன்று பார்த்து நம் தெருவில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பேப்பரில்தான் தெரிந்துகொண்டேன். மார்ட்டினா ஹிங்கிஸிடம் முதல் செட்டை ஜெயித்து, அப்புறம் இரண்டையும் விட்டிருந்தாள். மூன்றாவது தடவை கட்டாயம் கிடைக்கும் என்று கோமகள் சொன்னாராம்.

1998 ஜூலை 4. இதை நீ பார்த்திருக்கிறாய், ஞாபகம்தான் இருக்காது. நாலரை வயது. என் மடியில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாய். வீனஸ் வில்லியம்ஸைத் தாண்டி, முந்தின வருஷம் தோற்கடித்த அதே ஹிங்கிஸை அரை இறுதியில் நேர் செட்டில் ஜெயித்து வந்திருந்தாள் யானா. எதிரே பிரான்சின் நத்தாலி தோசியா. முதல் செட் 6-4. இரண்டாவது டை-பிரேக்குக்குப் போனதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 7-2 என்று அதையும் எடுத்தாள். அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளின் மேல் ஏறிப் போய்த் தன் பயிற்சியாளர் ஹனா மண்ட்லிகோவாவைக் கட்டிக்கொண்டாள். வெள்ளித் தட்டைக் கொடுக்க வந்தவர் அதே கோமகள். இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். நான்தான் அழுதேன். நீ தோசைக் கையோடு என் கன்னத்தைத் தடவி, "ஏன் அழுவுற?" என்று கேட்டாய். சட்னி எல்லாம் முகத்தில். அப்போது அவளுக்கு 29 வயது. முதல் முறையாக ஒற்றையரில் கிராண்ட் ஸ்லாம், அதாவது நாலு பெரிய போட்டிகளில் ஒன்றை, ஜெயிக்க அதெல்லாம் ரொம்ப லேட் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். உனக்கு இப்போது வயது முப்பத்தொன்று, நேற்று அதைக்கூட ஒரு குறையாகச் சொல்லி அழுதாய்.

அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டுவிட்டாள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். உங்கள் பிர்னோக்காரப் பெண் இன்னொருத்தி, பார்போரா கிரெய்ச்சிகோவா. பதினெட்டு வயது. ஜூனியர் ஆட்டம் முடிந்துவிட்டது, மேலே என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு யானா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். முன்பின் பழக்கம் கிடையாது. எனக்கு உதவி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். யானா அவளை உள்ளே அழைத்துக்கொண்டாள், கூட நின்று பயிற்சி கொடுத்தாள்.

2017 நவம்பரில் யானா புற்றுநோயில் போய்விட்டாள். 49 வயது. எனக்கும் அப்போது அதே வயது. பல நாள் மனசு சரியில்லாமல் இருந்தேன், உன் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினபோது ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அவள் கிரெய்ச்சிகோவாவிடம், சந்தோஷமாக ஆடு, ஒரு கிராண்ட் ஸ்லாம் ஜெயிக்கப் பார் என்று சொன்னாளாம். அந்தப் பெண் 2021-ல் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்து அதைச் சொன்னாள். 2024-ல் விம்பிள்டனும் ஜெயித்தாள். அங்கே கட்டடத்துக்குள்ளே பட்டம் வாங்கினவர்கள் பெயரை வரிசையாக எழுதிய பலகை இருக்கிறது. தன் பெயரும் யானாவின் பெயரும் ஒரே பலகையில் இருப்பதைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை, கேமரா முன்னாலேயே அழுதாள். நான் அதைப் பத்துத் தடவையாவது போனில் போட்டுப் பார்த்திருப்பேன்.

உங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வயதான பேராசிரியை இருக்கிறார், இந்த விஷயத்தில் கரை கண்டவர், போய்க் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நேற்று நீ அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான் என்றாய். அவருக்கு நாலு வரி எழுது. நன்றி சொல்லி, பேச்சில் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லி, ஒரு அரை மணி நேரம் கேள். ஈமெயிலே போதும். அவர் முடியாது என்று சொன்னாலும் பரவாயில்லை, என்னிடம் சொல், நான் இருக்கிறேன்.

அப்பா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தார். "அவ்வளவு நேரமா என்ன எழுதுற?" என்றார். டென்னிஸ் என்றேன். போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடு, தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ என்கிறார். போட்டோவும் அனுப்புகிறேன், தபாலிலும் போடுகிறேன். கூடவே பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் தனிப் பார்சலில் வருகிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காதே.

இன்னொன்று. அவள் சின்ன வயதில் ஆடிய மைதானம் அந்த ஊரில் எங்கே என்று யாரிடமாவது கேட்டுப் பார். அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். கண்டுபிடித்தால் ஒரு நாள் சாயங்காலம் போய்விட்டு வா. யாராவது ஆடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நீயும் அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா